தலையில் நீர் கோர்ப்பதும் ஒரு இஞ்ச் டேப்பும்

"தலையில நீர் கோத்துக்கிச்சு சார். தலைக்கு ஊத்தறதை நிறுத்திட்டோம், சாம்பிராணியும் போட்டுப் பார்த்தோம். கொறயல."

கல்வராயன் மலையில வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒரு ஊர். நாலு மாசக் குழந்தையைத் தூக்கிட்டு, கச்சிராயபாளையம் வழியா கள்ளக்குறிச்சிக்கு பஸ்ல வந்த அம்மா சொன்னது இது. டேப் வெச்சு தலையை அளந்தேன். 49 செ.மீ. இந்த வயசுக்கு 41ஐ ஒட்டி இருக்கணும். உச்சிக்குழி புடைச்சிருந்தது. கருவிழி கீழே இறங்கி, மேலே வெள்ளை தெரிஞ்சது.

அந்தம்மா மேல தப்பே இல்லை. நம்ம ஊர்ல "நீர் கோத்துக்கிச்சு"ன்னா சளி, சைனஸ், தலைபாரம். அது மூக்கைச் சுத்தி இருக்கிற சமாச்சாரம். குளிப்பாட்டுறதுக்கும் மூளைக்குள்ள சேர்ற நீருக்கும் சம்பந்தமே கிடையாது.

மூளைக்குள்ள நாலு அறைகள் இருக்கு. அங்கே ஊறுற நீர் எல்லாருக்கும் உண்டு. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 மி.லி. ஊறும். எந்த நேரமும் உள்ளே இருப்பது 150 மி.லி. தான், மீதி ரத்தத்துல கலந்துடும். போற வழி அடைச்சாலோ, உறிஞ்சறது குறைஞ்சாலோ அறைகள் வீங்கி மூளையை அழுத்தும். இதுதான் ஹைட்ரோகெஃபாலஸ். பிறவி அடைப்பு, முதுகுத்தண்டு மூடாமப் பிறக்கிறது, குறைமாதக் குழந்தைக்கு மூளையில ரத்தக்கசிவு, மூளைக்காய்ச்சல் (டிபியும் சேர்த்து)னு காரணம் பல.

மாத்திரையில தீராது, ஆபரேஷன் வேணும். மூளையறையில இருந்து தோலுக்கு அடியிலேயே, காதுக்குப் பின்னாடி வழியா வயித்துக்குள்ள ஒரு மெல்லிய குழாய். பேரு ஷண்ட். சில வகை அடைப்புக்கு எண்டோஸ்கோப் விட்டு உள்ளேயே மாற்று வழி திறந்து விடலாம். 1956ல அமெரிக்காவுல ஜான் ஹோல்டர்ங்கிற மெக்கானிக், தன் மகனுக்கு இந்த நோய்ன்னதும் ஷண்டுக்கு வால்வு செஞ்சார். இன்னிக்கு உத்தரப் பிரதேசம் ஷாஜகான்பூர்லயே விலை குறைஞ்ச ஷண்ட் தயாராகுது. அதாவது, கருவி நமக்கு எட்டாத பொருள் இல்லை.

எட்டாம போறது நேரம்.

பச்சைக்குழந்தைக்கு மண்டை எலும்புகள் ஒட்டியிருக்காது, அதனால தலை விரிஞ்சு கொடுக்கும். அழுத்தம் மூளையைக் கெடுக்கிறதுக்கு முன்னாடியே டேப்ல தெரிஞ்சுடும். பிறக்கும்போது 34 செ.மீ. வாக்கில், மூணு மாசத்துல 40, ஆறு மாசத்துல 43, ஒரு வயசுல 45-46. இதைத் தாண்டி ஓடினா ஸ்கேன். உச்சிக்குழி வழியா அல்ட்ராசவுண்டே போதும், ஆரம்பத்துக்கு. (அப்பாவுக்கும் பெரிய தலைன்னா அது குடும்ப வாகாவும் இருக்கலாம். அவர் தலையையும் அளந்துடுங்க!)

ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாசத்துல எல்லாக் குழந்தையும் தடுப்பூசிக்கு வருது. எடை போடுறோம். தலையை அளக்கிறதை நான் அபூர்வமாத்தான் பார்த்திருக்கேன். விஎச்என் அக்காக்களுக்கு இருக்கிற ரெஜிஸ்டரே தாங்கலைன்னு தெரியும். ஒரு ரெஜிஸ்டரைக் குறைச்சுட்டு இந்த ஒரு கட்டத்தைச் சேர்க்கலாம்னு தான் சொல்றேன். புருவத்துக்கு மேலே, பின்மண்டையின் புடைப்பைச் சுத்தி, அரை நிமிஷ வேலை. மலை ஊர்களுக்கு இது ரொம்ப முக்கியம். பஸ் பிடிச்சு தானா வரட்டும்னு காத்திருந்தா, இப்படி 49ல தான் வருவாங்க.

இன்னொன்னு. ஷண்ட் வெச்சதோட முடியாது. முதல் வருஷத்துலயே பத்துக்கு மூணு நாலு அடைச்சுக்கவோ கிருமி தொற்றவோ வாய்ப்பிருக்கு. வாந்தி, காய்ச்சல், ஓயாத அழுகை, எழுப்பினாலும் தூங்கி விழறது, இதுல எது வந்தாலும் அன்னிக்கே 108. டிஸ்சார்ஜ் சீட்டுல இதைத் தமிழ்ல எழுதித் தரணும். நாம இங்கிலீஷ்ல கிறுக்கித் தர்றோம்.

அந்தக் குழந்தைக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு. இப்போ எட்டு மாசம். உச்சிக்குழி அமுங்கிடுச்சு, அம்மாவைப் பார்த்துச் சிரிக்குது. கழுத்து இன்னும் நிக்கலை.