பிள்ளையின் கப்பலைப் பிள்ளையே கட்டட்டும்



கடந்த மாதம் ஒரு தொடக்கப்பள்ளியின் கைவினைக் கண்காட்சிக்கு மூன்று நடுவர்களுள் ஒருவனாகச் சென்றிருந்தேன். எங்கள் மேசைக்கு முன்னே இரண்டு மரக்கப்பல்கள் இருந்தன. முதலாவது கப்பலுக்கு மூன்று பாய்மரங்கள். பலகைகள் மயிரிழை இடைவெளியின்றி அடுக்கப்பட்டு, மெருகெண்ணெய் பூசப்பட்டுப் பளபளத்தன. பீரங்கித் துளைகள்கூட அளவெடுத்தாற்போல் ஒரே வரிசையில் இருந்தன. அதன் பின்னே நின்ற ஐந்தாம் ஆண்டு மாணவனிடம், "தம்பி, அணியத்தில் இருக்கும் இந்தப் பலகையை எப்படி வளைத்தாய்?" என்று கேட்டேன். அவன் திரும்பித் தன் தந்தையைப் பார்த்தான்.

இரண்டாவது கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பசை வழிந்து உறைந்திருந்தது. பாய்மரம் சாத்தே குச்சி. கயிறு அம்மாவின் தையல் நூல். அதைக் கட்டிய மாணவனிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "சுடுநீரில் ஊற வைத்தேன் ஐயா. முதல் இரண்டு பலகைகளும் ஒடிந்துவிட்டன. மூன்றாவதை இன்னும் அதிக நேரம் ஊற வைத்து, மைலோ டின்னைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிட்டேன். காலையில் வளைந்திருந்தது" என்றான். சொல்லும்போது அவன் கைகள் காற்றில் அந்தப் பலகையை வளைத்துக்கொண்டிருந்தன.

முதற்பரிசு முதல் கப்பலுக்கே போனது. இருவர் ஒரு பக்கம், நான் ஒருவன் மறுபக்கம். தோற்ற ஆத்திரத்தில் எழுதுகிறான் என்று எண்ணுவோர் தாராளமாக எண்ணிக்கொள்ளட்டும். ஆத்திரம் உண்மைதான். ஆயினும், அதற்குக் காரணம் நான் தோற்றதன்று. அந்த இரண்டாம் மாணவன் அன்று என்ன கற்றுக்கொண்டு வீடு திரும்பியிருப்பான் என்பதே என்னை உறங்கவிடாமல் செய்கிறது.

முதலில் என் குற்றம்

பிறரைக் குறை சொல்லுமுன் என் முதுகைக் காட்டிவிடுகிறேன். பல ஆண்டுகளாகப் புதன்கிழமை மாலைகளில், புறப்பாட நேரத்தில், சில மாணவர்களுடன் மாதிரி மரக்கப்பல் கட்டி வருகிறேன். அது என் சொந்தப் பொழுதுபோக்கு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எவரும் எனக்கு அதைக் கற்பிக்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் ஒருமுறை, மாவட்ட அளவிலான கண்காட்சிக்கு முந்திய இரவு, ஒரு மாணவி கட்டிய கப்பலை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். கோணலாக இருந்த பாய்மரத்தைப் பிடுங்கி நேராக நட்டேன். மேடு பள்ளமாக இருந்த பலகைகளை இழைத்துத் தேய்த்தேன். நன்மை செய்வதாகவே நம்பினேன்.

மறுநாள் காலையில் அப்பிள்ளை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில், "இது என் கப்பல் இல்லையே, ஐயா" என்றாள். அந்தக் கப்பலுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அடுத்த புதன்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த புதன்கிழமையும் வரவில்லை. ஒரு பிள்ளையின் கையிலிருந்து கப்பலைப் பறித்தவன் நான். ஆகவே, இந்தக் கட்டுரையில் வரும் குற்றச்சாட்டுகள் எல்லாம் என்னையும் சேர்த்தே.

"நேர விரயம்" என்போருக்கு

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. தேர்வு போயிற்று, தேர்வு மனப்பான்மை போகவில்லை. "சார், இதற்குப் புள்ளி உண்டா? இல்லையென்றால் அந்த நேரத்தில் கணித டியூஷனுக்கு அனுப்பிவிடுகிறேன்" என்று ஒரு தந்தை என்னிடம் நேரிலேயே கேட்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. காலை முதல் இரவு வரை உழைத்து, மகன் தம்மைவிட மேலே வரவேண்டும் என்று துடிப்பவர். ஆயினும், அவர் எதை விட்டுவிட்டு எதை வாங்கச் சென்றார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கப்பலின் அடிமரத்தை ஏரா என்பார்கள். அதன்மேல் விலா எலும்புகளைப் போல நிற்பவை வங்குகள். வங்குகளின்மேல் மெல்லிய பலகைகளை வரிசை வரிசையாக ஒட்ட வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில் ஒரு பக்கத்தின் சுற்றளவு 96 மில்லிமீட்டர் என்றும், பலகையின் அகலம் 6 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். 16 பலகைகள் தேவை. முன்புறம், அணியத்தருகே, கப்பல் ஒடுங்குகிறது. அங்கே சுற்றளவு 64 மில்லிமீட்டர்தான். அதே 16 பலகைகளும் அங்கேயும் அடங்க வேண்டுமே! என்ன செய்வது? ஒவ்வொரு பலகையையும் முனையில் 4 மில்லிமீட்டராகச் சீவ வேண்டும்.

இந்தக் கணக்கை வெண்பலகையில் எழுதிப்போட்டால் கொட்டாவி விடும் மாணவன், கையில் பலகையுடன் இருக்கும்போது தானே அதைக் கண்டுபிடிக்கிறான். முதலில் சீவாமல் ஒட்டுவான். பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். பிய்ப்பான். யோசிப்பான். பிறகு அளவுகோலைத் தேடுவான். வகுத்தல் என்பது எதற்காகப் படைக்கப்பட்டது என்று அந்த நொடியில் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. விகிதமும் அப்படித்தான். ஐம்பதில் ஒரு பங்கு அளவில் கட்டினால், 15 மீட்டர் படகு 30 சென்டிமீட்டர் ஆகும். அந்தப் படகில் நிற்கும் ஆளின் உயரம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு படகோட்டிகளைச் செய்து காட்டுவார்கள்!

அந்தத் தந்தை தம் மகனைக் கணிதத்திலிருந்து வெளியே எடுத்து, கணித டியூஷனில் சேர்த்தார். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"செலவு அதிகம்" என்போருக்கு

பெட்டியில் அடைத்து விற்கப்படும் வெளிநாட்டு மாதிரிக் கப்பல் தொகுப்புகள் பல நூறு ரிங்கிட் விலையுள்ளவை. தோட்டப்புறப் பள்ளிப் பிள்ளைக்கு அது எட்டாக்கனியே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அந்தப் பெட்டிதான் கப்பற்கலை என்று யார் சொன்னது?

நெப்போலியன் காலப் போர்களில் இங்கிலாந்தில் சிறைப்பட்ட பிரெஞ்சுக் கைதிகளை எண்ணிப் பாருங்கள். 1797இல் திறக்கப்பட்ட நார்மன் கிராஸ் போன்ற முகாம்களில் அவர்கள் ஆண்டுக் கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். உணவில் வந்த இறைச்சியின் எலும்புகளைச் சுத்தம் செய்து, சீவி, அவற்றைக் கொண்டே போர்க்கப்பல் மாதிரிகளைக் கட்டினார்கள். முகாம்களில் நடந்த சந்தைகளில் அவற்றை விற்றார்கள். இன்று அவை அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைகளுக்குள் இருக்கின்றன. சிறைக்கைதிக்கு எலும்பு போதுமானதாக இருந்தது. நம் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் குச்சியும், சாத்தே குச்சியும், மரப்பசையும், மணல்தாளும், துணி உலர்த்தும் கிளிப்பும் போதாவா? உண்மையில் இங்கே தட்டுப்பாடு பணத்துக்கில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் பொறுமையாக உட்காரும் பெரியவர்களுக்குத்தான் தட்டுப்பாடு.

"அழகாக வரவேண்டாமா?" என்போருக்கு

என் சக நடுவர்களின் வாதம் இதுதான். "கண்காட்சி என்றால் நேர்த்தி வேண்டாமா?" என்றார்கள். நேர்த்தி வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நாங்கள் வேறுபட்டோம்.

சுவீடன் நாட்டு மன்னரின் பெருமைக்குரிய போர்க்கப்பலான வாசா, 1628ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 1,300 மீட்டர் சென்றதுமே, காற்றுக்குச் சாய்ந்து, கீழ்த்தளப் பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்து மூழ்கியது. மேற்பகுதி கனத்திருந்தது, அந்தக் கனத்தை ஈடுசெய்ய அடிப்பகுதியில் போதிய பாரம் இல்லை. செதுக்குச் சிற்பங்களோ கப்பல் முழுவதும் நிறைந்திருந்தன. அழகுக்கு ஒரு குறையும் இல்லை!

1961இல் அக்கப்பலை மீட்டெடுத்தார்கள். அதனுள் கட்டுநர்கள் பயன்படுத்திய நான்கு அளவுகோல்கள் கிடைத்தன. இரண்டு, அடிக்கு 12 அங்குலம் கொண்ட சுவீடன் அளவு. மற்ற இரண்டு, அடிக்கு 11 அங்குலம் கொண்ட ஆம்ஸ்டர்டாம் அளவு. கப்பலின் இடப்புறமும் வலப்புறமும் ஒத்திராததையும் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அளவியல் பாடம் நடத்தும் ஆசிரியர்களே, இதைவிடச் சிறந்த பீடிகை உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

அந்தச் சாய்ந்த கப்பலுக்கு மீண்டும் வருகிறேன். அது ஏன் சாய்ந்தது என்று அந்த மாணவனிடம் கேட்டேன். "ஒரு பக்கம் எல்லாப் பலகையையும் ஒட்டி முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் தொடங்கினேன் ஐயா. முதுகு திருகிக்கொண்டது. அடுத்த தடவை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி ஒட்டுவேன்" என்றான். மாதிரிக் கப்பல் கட்டுவோர் எல்லாரும் கைக்கொள்ளும் விதி அது. எந்த நூலும் படிக்காமல், தன் தவற்றிலிருந்தே அதை எடுத்திருக்கிறான். நேர்த்தி அங்கிருந்துதான் வருகிறது. அவனுடைய நான்காவது கப்பல் நேராக நிற்கும். முதல் கப்பலின் உரிமையாளனுக்கு நான்காவது கப்பல் என்ற ஒன்றே இருக்கப்போவதில்லை. ஏனெனில், அவனுக்கு இன்னும் முதலாவதே இல்லை.

பதக்கம் தேடுவோருக்கு

ஆசிரிய நண்பர்களே, இது நமக்கு. எதைத் தொட்டாலும் போட்டியாக்கி, எதைப் போட்டியாக்கினாலும் பதக்கமாக்கி, பதக்கத்தைப் பதாகையாக்கிப் பள்ளி வாயிலில் மாட்டும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. தமிழ்ப்பள்ளியைக் குறைத்து மதிப்பிடுவோருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் நமக்குண்டு என்பதை நான் அறிவேன். மாணவர் எண்ணிக்கை குறையும் பள்ளியின் தலைமையாசிரியருக்கு அந்தப் பதாகை எவ்வளவு தேவை என்பதும் தெரியும். ஆனால், பெரியவர்கள் செய்த பொருளைப் பிள்ளைகள் தூக்கிப் பிடித்து நிற்கும் படம் தமிழ்ப்பள்ளிக்குப் பெருமையாகாது. அந்தப் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போய், பட்டறையில் ஓர் இழைப்புளியைக் கையில் வாங்கும் நாளில் உண்மை வெளிப்பட்டுவிடும்.

நாம் வாழும் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கோல திரங்கானுவில் உள்ள பூலாவ் டூயோங்கின் மரக்கப்பல் தச்சர்கள் வரைபடம் இல்லாமலே பெருங்கலங்களைக் கட்டிப் பெயர் பெற்றவர்கள். செங்கால் மரப்பலகைகளை மர ஆணிகளால் இணைத்து, நடுவே கெலாம் மரப்பட்டையை வைப்பார்கள். நீர் பட்டதும் பட்டை ஊதி இடைவெளியை அடைத்துவிடும். வங்குகளை முதலில் நிறுத்திப் பலகை அறைவது ஐரோப்பிய முறை. இவர்களோ பலகைகளை முதலில் எழுப்பி, வங்குகளைப் பிறகு பொருத்துவார்கள். அந்த அறிவு சான்றிதழில் இல்லை, கையில் இருக்கிறது. இன்று அங்கே விரல்விட்டு எண்ணத்தக்க தச்சர்களே எஞ்சியிருக்கிறார்கள். கையிலுள்ள அறிவு அடுத்த கைக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

என் வேண்டுகோள்

மாதிரிக் கப்பல் கட்டுவதைப் பாடமாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. ஐயகோ, வேண்டா! பாடமாக்கினால் அதற்கும் ஒரு பயிற்சி நூல் வந்துவிடும். அது பொழுதுபோக்காகவே இருக்கட்டும். பிழை செய்தால் புள்ளி குறையாத ஓர் இடம் பிள்ளைகளுக்கு வேண்டும். இன்று அவர்களுக்கு அப்படி எத்தனை இடங்கள் இருக்கின்றன?

பெற்றோர்களே, பலகை ஒடியும்போது கையை நீட்டாதீர்கள். கத்தியைக் கையாளக் கற்றுக்கொடுங்கள். பக்கத்தில் இருந்து கண்காணியுங்கள். ஆனால், கத்தியை வாங்கிக்கொள்ளாதீர்கள். கட்டி முடிக்க ஆறு மாதம் ஆனால் ஆகட்டும். நடுவர்களே, பொருளைப் பார்க்குமுன் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் எது ஒடிந்தது? என்ன செய்தாய்?" பதில் இல்லாத கப்பலுக்குப் பரிசும் இல்லை என்று முடிவெடுங்கள். ஒரே ஆண்டில் கண்காட்சிகள் மாறிவிடும்.

பரிசளிப்பு முடிந்ததும் அந்த இரண்டாம் மாணவனைத் தேடிச் சென்றேன். தன் கப்பலைப் பழைய நாளேட்டில் சுற்றிக்கொண்டிருந்தான். "அடுத்த ஆண்டும் கட்டுவாயா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "கட்டுவேன் ஐயா. ஆனால், கண்காட்சிக்குக் கொண்டுவர மாட்டேன்" என்றான்.

அவன் முடிவு சரியானதே. வெட்கப்பட வேண்டியவர்கள் நாம்தாம்.

சிந்திப்போம். மாற்றுக் கருத்துடையோர் தயங்காமல் எழுதுங்கள், விவாதிக்கக் காத்திருக்கிறேன்.