மாதவிலக்கு தவறினால் இரவு வேலைதான் காரணமா?

சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. செல்போன் தயாரிக்கும் ஆலைகளில் இளம் பெண்களே அதிகம். பலர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பெண் தொழிலாளர்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

முன்பு இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பெண்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கச் சட்டம் தடுத்தது. 2000-ம் ஆண்டில் சென்னை ஐகோர்ட்டு, பாதுகாப்பு நிபந்தனைகளுடன் அந்தத் தடையை நீக்கியது. இரவு வேலை வந்தது. வருமானமும் வந்தது. கூடவே ஒரு பேச்சும் வந்தது: "ஷிப்டு மாறினால் மாதவிலக்கு தவறத்தான் செய்யும்!"

இது பாதி உண்மை. மீதியை விசாரிக்காமல் விடுவதுதான் ஆபத்து.

உடம்பின் கடிகாரம்

சுரப்பிகள் ரத்தத்தில் கலந்துவிடும் பொருளே ஹார்மோன். சில ஹார்மோன்கள் நேரம் பார்த்துச் சுரக்கும். 'கார்டிசோல்' விடியற்காலையில் ஏறும். 'மெலடோனின்' இருட்டில் ஊறும். இரவில் விழித்துப் பகலில் தூங்கினால் இந்த ஒழுங்கு குலையும். ஷிப்டு மாறி மாறி வேலை பார்த்த அமெரிக்க நர்சுகளிடம் மாதவிலக்கு ஒழுங்கின்மை அதிகம் இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

வேறு காரணங்கள்

கருத்தரித்திருக்கலாம். தைராய்டு கூடியோ குறைந்தோ இருக்கலாம். சினைப்பையில் நீர்க்கட்டிக் கோளாறு இருக்கலாம். பட்டினி, திடீரென எடை குறைவது, பெருங்கவலை, சில மாத்திரைகள் ஆகியவையும் காரணமாகலாம்.

தைராய்டு குறைந்தால் களைப்பு வரும், எடை ஏறும், குளிர் தாங்காது. "தூக்கம் போதவில்லை" என்று அதைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும்.

எப்போது டாக்டரிடம் போவது?

ஒரு மாதம் சில நாள் தள்ளிப் போனதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் 3 மாதம் வராவிட்டாலும், தொடர்ந்து 21 நாளுக்குள்ளோ 35 நாளுக்கு மேலோ வந்தாலும், 8 நாளுக்கு மேல் போக்கு நீடித்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். கழுத்தில் வீக்கம், முகத்தில் முடி அதிகமாவது, பிள்ளை பெறாமலே மார்பில் பால் கசிவது ஆகியவையும் எச்சரிக்கைகளே. தலைவலியோடு பார்வையும் மங்கினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இரவு வேலை பார்ப்பவர்கள் அதை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். ஏனென்றால், ரத்தம் எடுக்கும் நேரத்தைப் பொறுத்துச் சில ஹார்மோன் அளவுகள் மாறும். முடி வளரச் சாப்பிடும் 'பயோட்டின்' மாத்திரையும் தைராய்டு சோதனை முடிவைத் தவறாகக் காட்டக்கூடும். அதையும் மறைக்கக் கூடாது.

இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதன் மருந்தகத்திலேயே முதலில் காட்டலாம். மாதவிலக்கு வந்த தேதிகளைக் காலண்டரில் குறித்துக் கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

வெளியூரில் உள்ள மகளிடம் "சம்பளம் வந்ததா?" என்று கேட்கும் தாய்மார்கள், "உடம்பு எப்படி?" என்றும் கேட்க வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் வியாதிதான் வளரும்.