சமையற் கல்வியும் கட்டண மாயையும்

சென்ற வாரம் மடுல்சீமைக் கடைத்தெருவில், சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த மகனைக் கொழும்பிலுள்ள ஒரு தனியார் சமையற் கல்லூரியிற் சேர்ப்பதற்காக, மனைவியின் நகைகளை அடகு வைக்கவும் கறவைப் பசுவை விற்கவும் துணிந்துவிட்ட தோட்டத் தொழிலாளர் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தது. அவர் கையிலிருந்த வழவழப்பான விளம்பரத் தாளில் வெண்தொப்பியணிந்த வெள்ளைக்காரரின் படமும், வெளிநாட்டு வேலை நிச்சயம் என்ற வாக்குறுதியும் இருந்தனவேயன்றி, ஓர் அடுப்புக்கு எத்தனை மாணவர் என்ற விபரம் மருந்துக்கும் இல்லை. “காசு கூடக் கட்டினாத்தானே ஐயா படிப்பும் நல்லா இருக்கும்?” என்றார் அவர். மலையகத்துப் பெற்றோரைப் பீடித்திருக்கும் பிரமை முழுவதும் அந்தக் கேள்வியில் அடங்கியிருந்தது.

பப்ளிஸ் சில்வா எந்தக் கல்லூரிக்குக் கட்டணம் செலுத்தினார்? 1950களில் கல்கிசை மவுண்ட் லவீனியா ஹோட்டலின் குசினியில் எடுபிடியாக நுழைந்து, அங்கேயே படிப்படியாக உயர்ந்து, அதே குசினியின் தலைமையை ஏற்று, சமையல் நூல்களும் எழுதி, இலங்கை உணவின் பிரதிநிதியாக உலகெங்கும் மதிக்கப்பெற்றவர் அவர். அவருடைய யோக்கியதைக்குச் சான்று அவர் ஆக்கிய உணவே. அவ்வளவு தூரம் போவானேன்? நம் தோட்டத்துத் துரை பங்களாக்களில், தமக்கு மூத்த சமையற்கார அப்புவின் கைப்பக்குவத்தைப் பார்த்தே பழகி, விறகடுப்பில் ரோஸ்ட்டும் புடிங்கும் பிசகாமற் செய்த அப்புமார் எந்த வகுப்பறையில் உட்கார்ந்தார்கள்? நெருப்பின் முன் நின்று கை பழகாதவனுக்கு எத்தனை இலட்சம் ரூபா கட்டினாலும் உப்பின் அளவு பிடிபடாது. பப்ளிஸ் சில்வாவுக்கு அது பிடிபட்டது குசினியில்தான்.

முறையான பயிற்சியே வேண்டாமென்பது என் அபிப்பிராயமன்று. 1964 இல் இலங்கை ஹோட்டல் பள்ளியாகத் தொடங்கி, இன்று சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனமாக விளங்கும் அரச ஸ்தாபனத்தின் கிளையொன்று பண்டாரவளையிலேயே இருக்கிறது. பசறை வழியாகப் பதுளைக்கு இறங்கி அங்கிருந்து பஸ்ஸோ ரயிலோ பிடித்தால் எட்டிவிடக்கூடிய அந்த இடத்தை விசாரித்தும் பாராமல், கொழும்பு என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்திலே அடகுக் கடைக்கு ஓடுகிறோமே, இது என்ன மதி? தொழிற்பயிற்சி நிலையங்களைப் பதிவு செய்யவென்றே 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஓர் ஆணைக்குழு அமைந்திருக்கிறது. ஒரு கல்லூரி அங்கே பதிவாகியுள்ளதா, அது தரும் சான்றிதழ் தேசிய தொழிற் தகைமையின் எந்த மட்டத்தைச் சேர்ந்தது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்க ஒரு சதமும் செலவில்லை. பல வருஷம் குசினியில் உழைத்தவர், பள்ளிப் படியேறாமலே, தம் அனுபவத்தைப் பரீட்சித்துக் காட்டி அந்தத் தகைமையைப் பெறவும் வழியுண்டு. இதை நம் இளைஞருக்கு எடுத்துச் சொல்லும் சிரத்தை எந்தத் தொழிற்சங்கத் தலைவருக்கு இருக்கிறது? தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்கு 2021 வரை காத்திருக்க வைத்தவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது!

இன்னுமொரு கொடுமை மொழி. தமிழும் அரசகரும மொழியென்று 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் எழுதி வைத்தது. ஆயினும், வெங்காயம் அரியக் கற்கப் போகும் பிள்ளைகூட முதலில் ஆங்கிலத்துக்கு அஞ்சுகிறான். அந்த அச்சத்தையே மூலதனமாக்கித்தான் இக்கல்லூரிகள் கொழிக்கின்றன. பப்ளிஸ் சில்வாவின் முதல் நாள் வேலைக்கு ஆங்கில இலக்கணம் தேவைப்பட்டதா?

பெற்றோரே, பணம் கட்டுமுன் அந்தக் கல்லூரியின் குசினிக்குள் நேரே போய்ப் பாருங்கள், அடுப்புகளை எண்ணுங்கள், தமிழில் கற்பிப்பார்களா என்று கேளுங்கள். உள்ளே விட மறுத்தால் அந்தப் படிவத்தை அங்கேயே கிழித்தெறியுங்கள்.