ஒரு குண்டு கூட விழல... ஆனா ஊரே காலி! 1942 ஏப்ரலில் சென்னையில் என்ன நடந்தது?

2025 மே 7-ம் தேதி நாடு முழுக்க போர்க்கால ஒத்திகை நடந்தது ஞாபகம் இருக்கலாம். தமிழ்நாட்டில் சென்னை துறைமுகத்திலும் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் ஒத்திகை. சைரன் சத்தத்தை வீடியோவில் பார்த்த பலருக்கு அது புதுசு. ஆனால் இதே சென்னையில் ஒரு காலத்தில் ஒத்திகையாக இல்லாமல் நிஜமாகவே சைரன் ஒலித்தது. அதற்குப் பிறகு சில நாட்களில் நகரத்தின் பெரும்பகுதி காலியானது.

எதிரி யார்? ஜப்பான்.

எப்படி இவ்வளவு பக்கத்தில் வந்தது ஜப்பான்?

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. பிரிட்டிஷாரின் அசைக்க முடியாத கோட்டை என்று சொல்லப்பட்ட ஊர் அது. மார்ச் 8-ல் ரங்கூனும் போனது. இந்த இரண்டு ஊர்களும் தமிழர்களுக்கு வெறும் பெயர்கள் இல்லை. செட்டிநாட்டின் வட்டிக்கடைகள், தோட்டத் தொழிலாளிகள், துறைமுகக் கூலிகள் என்று ஏராளமான குடும்பங்கள் அங்கே இருந்தன. பர்மாவில் இருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு, மலை தாண்டி நடந்தே வந்தார்கள். பசியிலும் மலேரியாவிலும் வழியிலேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். தப்பி ஊர் திரும்பியவர்கள் சொன்ன கதைகள் எந்த அரசு அறிவிப்பையும் விட வேகமாகப் பரவின.

ஏப்ரல் முதல் வாரம்தான் உச்சம். 5-ம் தேதி ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பு மீது குண்டுவீச்சு. 6-ம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா. இந்த இரண்டும் அப்போது சென்னை மாகாணத்தில்தான் இருந்தன, அதை மறந்துவிடக் கூடாது. 9-ம் தேதி திரிகோணமலை. அதே சில நாட்களில் வங்காள விரிகுடாவில் 20-க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் வடக்கே அடி, தெற்கே அடி, நடுவில் சென்னை. அடுத்தது நாமதான் என்று மக்கள் நினைத்ததில் தப்பே இல்லை.

7-ம் தேதி அதிகாலை

சைரன் ஒலித்தது. விமானம் வரவில்லை. ஆனால் மக்களுக்கு அந்தச் சத்தமே போதுமானதாக இருந்தது. அவசியமில்லாதவர்கள் நகரை விட்டு வெளியேறலாம் என்று அரசே சொன்னபோது மிச்சமிருந்த தைரியமும் போனது. 1941 கணக்குப்படி சென்னையின் மக்கள்தொகை 7.77 லட்சம். அதில் பெரும்பகுதி ரயில், பேருந்து, மாட்டு வண்டி, கால்நடை என்று கிடைத்த வழியில் கிளம்பியது.

எங்கே போனார்கள்? சொந்த ஊருக்கு. விருதுநகரில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக தென்காசிக்குப் போகும் ரயில் பாதை 1927-லேயே வந்துவிட்டது. கடற்கரையில் இருந்து எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவு பத்திரம் என்று நினைத்தவர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தை விட நல்ல இடம் ஏது? சொந்த ஊர் இல்லாதவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

அரசாங்கமும் மூட்டை கட்டியது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. அலுவலகங்கள் பல உள்மாவட்டங்களுக்கு. மிருகக்காட்சி சாலையில் நடந்தது இன்னும் கொடுமை. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று பயந்து, சிங்கம், புலி போன்ற விலங்குகளை மலபார் சிறப்புப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். வராத எதிரிக்காக அவை செத்தன.

மக்கள் கோழைகளா?

அப்படிச் சொல்வது எளிது. 1914-ல் எம்டன் என்ற ஒரே ஒரு ஜெர்மன் கப்பல் வந்து எண்ணெய் டாங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போனதை நேரில் பார்த்தவர்கள் அப்போதும் நகரில் இருந்தார்கள். (2006-ல் 'எம் மகன்' என்று வந்த படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்'. அந்த எம்டன்தான் இது!) அதை விட முக்கியமான காரணம் நம்பிக்கை இல்லாதது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது. சிங்கப்பூர் விழாது என்று சொன்னவர்கள்தான் இப்போது பயப்பட வேண்டாம் என்றார்கள். நம்மை ஆளும் அரசு நமக்காகச் சண்டை போடுமா என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. தேசிய அரசு அமைந்தால்தான் மக்கள் எதிரியை எதிர்த்து நிற்பார்கள் என்று ராஜாஜி வாதாடியது இந்தச் சூழலில்தான். ஆனால் அவருடைய நிலைப்பாட்டை காங்கிரஸ் மேலிடம் ஏற்கவில்லை.

அந்தப் பக்கம் ஜப்பானில்?

அங்கேயும் கிட்டத்தட்ட இதே கதை, இன்னும் பல மடங்கு பயங்கரமாக. 1942 ஜூனில் மிட்வே போரில் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கியதை ஜப்பான் அரசு சொந்த மக்களிடம் மறைத்தது. தெருவுக்குத் தெரு அக்கம்பக்கத்துச் சங்கங்கள் அமைத்து, ரேஷனும் தீயணைப்புப் பயிற்சியும் அதன் வழியாகவே நடந்தன. யார் என்ன பேசுகிறார்கள் என்று கண்காணிப்பதும் அதே வழியில்தான். 1944-ல் பள்ளிப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். 1945 மார்ச் 9-10 இரவில் டோக்கியோவில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் எரிந்து செத்தார்கள். நகரங்களை விட்டு வெளியேறியவர்கள் சுமார் 85 லட்சம்.

போர் முடிந்ததும் அமெரிக்கா ஜப்பானிய மக்களிடம் ஒரு ஆய்வு நடத்தியது. 1944 டிசம்பரில் ஜெயிக்க முடியாது என்று நினைத்தவர்கள் 10 சதவீதம். 1945 ஜூனில் 46. சரணடைவதற்குச் சற்று முன் 68. தோல்வி மூன்றில் இரண்டு பேருக்கு முன்பே தெரிந்திருந்தது, வெளியே சொல்லத்தான் முடியவில்லை.

சென்னைக்கு எப்போது தைரியம் வந்தது?

ஜப்பான் கடற்படை ஏப்ரலிலேயே பசிபிக் பக்கம் திரும்பிவிட்டது. போன மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து பூட்டிய வீடுகளைத் திறந்தார்கள். இருட்டடிப்பும் பதுங்கு குழிகளும் தொடர்ந்தன. ஆனால் அன்றாடக் கவலை இப்போது வேறு. பர்மா அரிசி நின்றுபோனதால் விலை ஏறியது, 1943-ல் சென்னைக்கு ரேஷன் வந்தது. அதே ஆண்டு நூலுக்கும் துணிக்கும் கட்டுப்பாடு. தெற்கே தறியை நம்பி இருந்த குடும்பங்களுக்கு இது நேரடி அடி.

1943 அக்டோபரில் ஒரு இரவு ஜப்பான் விமானம் ஒன்று நிஜமாகவே வந்து துறைமுகம் பக்கம் குண்டு போட்டது. சேதம் பெரிதாக இல்லை. அந்த வாரம் சென்னையில் பேய் மழை, கூவம் கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை யாரும் மூட்டை கட்டவில்லை. பலருக்குக் குண்டு விழுந்ததே பிறகுதான் தெரிந்தது.