ஆணுக்கு நேர்ந்தாலும் அது வல்லுறவுதான்

ஆபாசம் என்றால் மத்திய அரசுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வருகிறதோ! 2025 ஜூலையில் 25 ஓடிடி தளங்களை ஒரே மூச்சில் முடக்கியது. வயது வந்த ஆணை வல்லுறவு செய்தவன் மீது புதிய குற்றவியல் சட்டத்தில் பிரிவே இல்லை என்ற முறையீட்டின் மீது ஆறு மாதங்களுக்குள் முடிவெடுங்கள் என்று அதே அரசிடம் டெல்லி உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தது. ஓடிடி தளங்கள் முடங்கிய நாளிலும் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் அந்தப் புதிய சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு இடமில்லை. திரையில் தெரியும் உடல் அரசின் கண்ணை உறுத்துகிறது. நிஜத்தில் சிதைக்கப்படும் உடல் உறுத்தவில்லை.

இதே குருட்டுத்தனம் நாம் படிக்கும் கதைகளிலும் இருக்கிறது. பெங்களூருவில் மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதை படிக்காத கல்லூரி வகுப்பே இல்லை என்னும் நிலை வந்துவிட்டது. அதில் ஒரு வகை யாவோய், பிஎல் என்று அழைக்கப்படும் ஆண்–ஆண் காதல் கதைகள். எழுதுவோரும் படிப்போரும் பெரும்பாலும் பெண்கள். இவற்றைத் தடை செய்யச் சொல்கிறது ஒரு தரப்பு. வெறும் கற்பனைதானே, விடுங்கள் என்கிறது இன்னொரு தரப்பு. கதைக்குள் நடப்பதைப் பெயர் சொல்லி அழைக்க இரு தரப்புக்கும் மனமில்லை.

அயானோ யமானேயின் ‘ஃபைண்டர்’ தொடரை எடுத்துக்கொள்வோம். தகாபா இளம் புகைப்படக்காரன். அசாமி நிழலுலகத் தலைவன். தன் தொழிலை மோப்பம் பிடித்தவனை அசாமி பிடித்து அடைத்து, கட்டிப்போட்டு, வல்லுறவு செய்கிறான். தகாபாவின் வாய் வேண்டாம் என்கிறது. கண்ணில் நீர் நிற்கிறது. ஆனால் ஓவியம் அவன் கன்னத்தைச் சிவக்க வைத்து, உடல் ஒப்புக்கொண்டுவிட்டது என்று வாசகரின் காதில் ஓதுகிறது. அடுத்தடுத்த பாகங்களில் அதே அசாமி அவனைக் காப்பாற்றுபவன், பிறகு காதலன், கடைசியில் ஒரே வீட்டில் வாழும் துணை. புகார் இல்லை, மருத்துவர் இல்லை, தூக்கம் கெட்ட ஓர் இரவுகூட இல்லை. ஆளுபவன் ‘செமே’, ஆளப்படுபவன் ‘உகே’ என்று பாத்திரங்களைப் பிரித்த உடனேயே, யாருடைய மறுப்புக்கு மதிப்பில்லை என்பதும் முடிவாகிவிடுகிறது.

எல்லாக் கதைகளும் இப்படி என்று சொல்லவில்லை. மோட்டோ ஹாகியோ 1992 முதல் 2001 வரை எழுதிய ‘கொடூரக் கடவுள் ஆள்கிறான்’ தொடரில், மாற்றாந்தந்தையிடம் சிக்கிச் சீரழிந்த சிறுவன் அதிலிருந்து மீளப் படும் பாடுதான் பல பாகங்களுக்கு நீள்கிறது. அதற்கு 1997இல் தெசுகா ஒசாமு பண்பாட்டு விருது கிடைத்தது. வன்முறையைக் காட்டலாம், காட்டவும் வேண்டும்; அதைக் காதலுக்கு முன்னுரையாக்குவதுதான் பிழை. இதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் ஒழுக்கக் காவலர்கள் அல்லர். 1992இல் மசாகி சாதோ என்ற தன்பால் ஈர்ப்பாளர் பெண்ணியச் சிற்றிதழ் ஒன்றில் யாவோய் எழுத்தாளர்களைக் கண்டித்து எழுதினார். அதில் தொடங்கிய சச்சரவு ஜப்பானில் பல ஆண்டுகள் ஓடியது.

அந்த நாடு செய்ததைக் கவனியுங்கள். 1907இல் எழுதப்பட்ட ஜப்பானியத் தண்டனைச் சட்டம் பெண்ணுக்கு நேர்ந்தால் மட்டுமே வல்லுறவு என்றது. 110 ஆண்டுகள் கழித்து, 2017இல், ஆணும் பாதிக்கப்படலாம் என்று ஒப்புக்கொண்டது. 2023இல் இன்னும் ஒரு படி ஏறியது: அடித்தார்களா, மிரட்டினார்களா என்பதோடு நிற்காமல், மறுக்க முடியாத நிலையில் ஒருவரைத் தள்ளினாலே குற்றம் என்று குற்றத்தின் பெயரையே ‘சம்மதமற்ற பாலுறவு’ என மாற்றியது. சம்மத வயதும் 13இலிருந்து 16 ஆனது. யாவோய் பிறந்த மண் சம்மதம் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டுவிட்டது. அந்தக் கதைகளை இறக்குமதி செய்த நாம், இருந்த சட்டத்தையும் தொலைத்துவிட்டோம்.

தொலைத்த கதை வெட்கக்கேடு. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், ‘இயற்கைக்கு மாறான’ உறவைத் தண்டித்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து வயது வந்தோரின் சம்மத உறவை மட்டுமே விடுவித்தது. சம்மதமில்லாத செயல் குற்றமாகவே நீடித்தது. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது பிரிவு முழுவதுமே காணாமல் போனது. சம்மதமற்ற பகுதியையாவது வையுங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு முன்கூட்டியே எச்சரித்தும் பயனில்லை. புதிய சட்டம் அமலாவதற்குச் சில நாட்கள் முன்பு ஹாசன் மாவட்டத்தில் ஒரு சட்டமேலவை உறுப்பினர் மீது கட்சித் தொண்டர் புகார் கொடுத்தார். 377இல் வழக்குப் பதிவானது. உண்மை எது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அதே புகார் ஜூலை மாதச் சம்பவம் பற்றியதாக இருந்திருந்தால் எந்தப் பிரிவில் எழுதியிருப்பார்கள்? காயம், அடைத்துவைத்தல் என்று சில்லறைப் பிரிவுகளைத்தான் தேடியிருக்க வேண்டும்.

திருநங்கையருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். பெண்ணை வல்லுறவு செய்தவனுக்குக் குறைந்தது பத்து ஆண்டு. திருநங்கையைச் செய்தவனுக்கு அதிகபட்சமே இரண்டு ஆண்டு. 2004 ஜூனில் இதே பெங்களூருவில் ஒரு திருநங்கையை ரவுடிக் கும்பல் வல்லுறவு செய்தது. மீட்க வந்த போலீசார் அவரை பையப்பனஹள்ளி காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய், நிர்வாணமாக ஜன்னலோடு விலங்கிட்டு மணிக்கணக்கில் சித்ரவதை செய்தார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு வந்த சட்டம் வைத்திருக்கும் விலை இந்த இரண்டு ஆண்டு!

ஆண்களுக்கு இப்படி நடப்பது அபூர்வம் என்று சொல்வோருக்கு ஓர் எண்ணை நினைவூட்டுகிறேன். மத்திய மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானோர் 53.22 விழுக்காடு. அவர்களில் 52.94 விழுக்காட்டினர் சிறுவர்கள். பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள்! இது அரசே எடுத்த கணக்கு. போக்சோ சட்டம் 18 வயது வரை இந்தப் பையனைக் காக்கிறது. பதினெட்டாவது பிறந்தநாளன்று, உனக்கு நடந்தால் அது வல்லுறவில்லை என்று அதே அரசு கைகழுவுகிறது.

சட்டத்தைப் பால்பொதுவாக்கினால் பெண்கள் மீதே பொய் வழக்கு பாயும் என்று சில மகளிர் அமைப்புகள் தயங்குகின்றன. பாதிக்கப்பட்டவர் எந்தப் பாலினமாகவும் இருக்கலாம், குற்றவாளி ஆண் என்று எழுதினால் அந்தப் பயம் முடிந்தது. பிறகும் தயங்குவது பிடிவாதம். யாவோய் கதைகளில் பெண் உடல் பலியாவதில்லை, அதனால் பெண்கள் பயமின்றிப் படிக்கிறார்கள் என்பது ரசிகைகளின் வாதம். இன்னொருவர் உடல் பலியானால் பரவாயில்லையா? ‘நோ என்றால் நோ’ என்று சொல்லும் தலைமுறை, ஓர் ஆண் சொல்லும் ‘நோ’வை மட்டும் வெட்கம் என்று எப்படிப் படிக்கிறது? ஆணை வல்லுறவு செய்ய முடியாது, அவன் உடல் அதை விரும்பும் என்ற பொய்யை மங்கா படமாக வரைகிறது; நம் சட்டம் மௌனமாக ஒப்புக்கொள்கிறது.

தடை வேண்டாம். தடை செய்த புத்தகம் தலையணைக்கடியில் போகும். அட்டையில், இதில் பாலியல் வன்முறை இருக்கிறது என்று தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பதிப்பாளர் அச்சிடட்டும். குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமே திருத்தலாம். புதிய சட்டங்களைத் திருத்துவோம் என்று 2024 ஜூலையில் அறிவித்தவர் கர்நாடகச் சட்ட அமைச்சர் எச்.கே. பாட்டீல். ஆணுக்கு நேர்ந்தாலும் அது வல்லுறவுதான் என்பது அந்தத் திருத்தத்தின் முதல் வரியாக இருக்கட்டும். வல்லுறவை வல்லுறவு என்று சட்டம் சொல்லும் ஊரில் அதைக் காதல் என்று விற்கும் கதை நெடுநாள் ஓடாது. டெல்லி விழிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. விதான சௌதா தொடங்கட்டும்.