விடுதிப் பள்ளிக் காதல் கதைகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



ஆங்கில வழியில் பயிலும் நம் பிள்ளைகளில், குறிப்பாகப் பெண்பிள்ளைகளில் பலர், பதின்மூன்று பதினான்கு வயதில் ஒரு குறிப்பிட்ட வகை நாவல்களை வந்தடைகின்றனர். வீட்டிலிருந்து வெகு தொலைவில் ஒரு விடுதிப் பள்ளி. அங்கே புதிதாகச் சேரும் ஒரு மாணவி அல்லது மாணவன். ஓராண்டுக்குள் அரும்பி மலரும் முதல் காதல். தோழியரிடையே கைமாறியும் கைப்பேசியில் பதிவிறக்கப்பட்டும் இந்நாவல்கள் நம் வீட்டுப் படுக்கையறைகளுக்குள் வந்துவிட்டன.

இதனை அறிய நேரும் பெற்றோர் இரு வகையாக நடந்துகொள்கின்றனர். ஒரு சாரார் கைப்பேசியைப் பிடுங்கி, புத்தகத்தைக் கிழித்து, பிள்ளையையே சந்தேகக் கண்கொண்டு நோக்கத் தொடங்குகின்றனர். மறுசாரார், "இந்தக் காலத்தில் பிள்ளை புத்தகம் படிப்பதே பெரிது" என்று நிம்மதியடைந்து, அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டிப் பார்ப்பதில்லை. முன்னதில் சினமும் பின்னதில் அலட்சியமும் இருந்தாலும், இரண்டுமே பிள்ளையைத் தனியே விட்டுவிடுவதில்தான் முடிகின்றன என்பது என் கருத்து.

பெற்றோர் இல்லாத உலகம்

இன்றைய தாய்மார்களில் சிலர் தம் பள்ளிப் பருவத்தில் எனிட் பிளைட்டனின் விடுதிப் பள்ளிக் கதைகளைப் படித்திருப்பார்கள். 1941 முதல் வெளிவந்த செயின்ட் கிளேர்ஸ் வரிசையும், 1946 முதல் 1951 வரை வெளிவந்த மேலரி டவர்ஸ் வரிசையும் நம் நாட்டுப் பள்ளி நூலகங்களில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தன. நள்ளிரவு விருந்து, விளையாட்டுப் போட்டி, ஆசிரியைகளிடம் குறும்பு, தோழியரிடையே பிணக்கும் இணக்கமும் என்று அவை நிறைந்திருக்கும். காதல் அங்கே இல்லை. ஆகவே, "நாங்கள் படித்த கதைதானே" என்று எண்ணும் தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். களம் அதே விடுதிப் பள்ளிதான். அங்கே நடப்பது மாறிவிட்டது.

2005 இல் வெளிவந்த ஜான் கிரீனின் 'லுக்கிங் ஃபார் அலாஸ்கா', அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து விடுதிப் பள்ளி ஒன்றில் நிகழ்கிறது. பதின்பருவ இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருதை 2006 இல் பெற்ற நூல் அது. 2010 இல் வெளிவந்த ஸ்டெஃபனி பெர்கின்ஸின் 'அன்னா அண்ட் த ஃபிரெஞ்ச் கிஸ்', அட்லாண்டாவைச் சேர்ந்த அன்னா என்ற பெண் தன் விருப்பத்துக்கு மாறாகப் பாரிஸிலுள்ள அமெரிக்கப் பள்ளிக்கு அனுப்பப்படுவதில் தொடங்குகிறது. இவ்வகை நாவல்களில் மிகப் பரவலாகப் படிக்கப்படுபவற்றுள் இவை இரண்டும் அடங்கும்.

எழுத்தாளர்கள் ஏன் மீண்டும் மீண்டும் விடுதிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கின்றனர்? விடை எளிது. பெற்றோரைக் கதையிலிருந்து அகற்றுவதற்கு அதைவிட இலகுவான வழி இல்லை. வீடு இருந்தால் இரவு எட்டு மணிக்கு உம்மா கூப்பிடுவார். வாப்பா யாருடன் பேசுகிறாய் என்று கேட்பார். பாட்டி நோயுற்றால் எல்லோரும் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். விடுதியில் இவை எதுவும் இல்லை. இரண்டு இளம் உள்ளங்கள் மட்டுமே உலகம் என்ற ஒரு சூழலைக் கதை உருவாக்கிக்கொள்கிறது.

பிள்ளைகள் அதில் என்ன காண்கின்றனர்?

நம் பிள்ளைகள் இக்கதைகளைக் கெட்ட எண்ணத்தோடு நாடுகின்றனர் என்று கருதுவது அநீதி. தன்னை ஒருவர் உண்மையாகக் கவனிக்க வேண்டும், தன் பேச்சை ஒருவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பது அந்த வயதின் பெரும் ஏக்கம். மதிப்பெண்ணைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசாத வீட்டில் வளரும் பிள்ளைக்கு, அந்த ஏக்கத்தைப் பெயரிட்டுச் சொல்லும் புத்தகம் ஒரு தோழியாகிவிடுகிறது.

இந்நாவல்கள் முற்றிலும் வெறுமையானவையும் அல்ல. 'லுக்கிங் ஃபார் அலாஸ்கா'வில் மது, புகை, பாலுறவு சார்ந்த காட்சிகள் உள்ளன. அமெரிக்காவில் பள்ளிகளிலும் நூலகங்களிலும் எதிர்ப்புக்குள்ளான நூல்களின் பட்டியலில், 2015 ஆம் ஆண்டுக்கு அமெரிக்க நூலகச் சங்கம் அதனையே முதலிடத்தில் வைத்தது. அதே நூலில் முதிய ஆசிரியர் ஒருவர் இஸ்லாம், கிறித்தவம், பௌத்தம் ஆகிய மூன்று சமயங்களைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறார். பஸ்ராவின் ராபிஆ அல்அதவிய்யா (ரஹ்) அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் செய்தியும் அங்கே இடம்பெறுகிறது. நரகின் அச்சத்துக்காகவோ சுவனத்தின் ஆசைக்காகவோ அல்லாமல், இறைவனை இறைவனுக்காகவே நேசிக்க வேண்டும் என்ற அந்தச் செய்தியை நம் வீட்டுப் பெண் முதன்முதலாக ஓர் அமெரிக்க நாவலில் படித்தால், குறை நாவலிடம் மட்டுமா இருக்கிறது?

கதை சொல்லாமல் விடுபவை

இருப்பினும், இக்கதைகளின் உள்ளே இயங்கும் கருத்துகளை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். வெளிப்படையான காட்சிகளைப் பற்றி முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அல்லாஹ் விபசாரத்தைச் செய்யாதீர்கள் என்று மட்டும் கூறவில்லை. அதனை நெருங்கவே வேண்டாம் என்று கட்டளையிடுகிறான் (17:32). பார்வையைத் தாழ்த்துமாறு ஆண், பெண் இருபாலாருக்கும் கட்டளை உள்ளது (24:30, 31). கண்ணுக்கு விலக்கப்பட்ட காட்சி எழுத்தாக வந்தால் ஆகுமானதாகிவிடாது. அத்தகைய வருணனைகள் நிறைந்த நூல் நம் பிள்ளைக்கு உரியதன்று. இதில் தயக்கத்துக்கு இடமில்லை.

ஆனால் அத்தகைய காட்சிகளே இல்லாத நாவலிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. காதல் என்றால் எல்லாம் மன்னிக்கப்படும் என்ற எண்ணம் அவற்றுள் முதலாவது. அன்னாவின் கதையில் அவள் விரும்பும் எட்டியன் ஏற்கெனவே வேறொரு பெண்ணுடன் பழகிவருபவன். அன்னாவின் தோழி மெரிடித்தும் அவனை விரும்புகிறாள். அவன் எப்போது அந்தப் பெண்ணை விட்டு வருவான் என்று வாசகியின் உள்ளம் பக்கத்துக்குப் பக்கம் ஏங்குமாறு கதை பின்னப்பட்டிருக்கிறது. கைவிடப்படுபவளின் வலிக்கு அதில் எத்தனை பக்கங்கள் கிடைக்கின்றன? வாக்கும் அமானிதமும் ஈமானின் பகுதிகள் என்று கற்ற பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, கதை முடியும் இடம். காதலைச் சொன்னதும், அல்லது இருவரும் சேர்ந்ததும், புத்தகம் முடிந்துவிடுகிறது. அதன் பிறகுள்ள வாழ்க்கை, வாடகையும் நோயும் குழந்தையின் காய்ச்சலும் மாமியாரின் மனத்தாங்கலும் நிறைந்த அந்த நெடும் பாதை, கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது. கணவன் மனைவியரிடையே அல்லாஹ் ஏற்படுத்தியதாகக் குர்ஆன் கூறும் அன்பும் கருணையும் (30:21) அந்தப் பாதையில்தான் வேர்விடுகின்றன. படபடக்கும் நெஞ்சே அன்பின் ஒரே அடையாளம் என்று நம்பி வளரும் பெண், பின்னாளில் தன் கணவன் நள்ளிரவில் எழுந்து அவளுக்கு வெந்நீர் வைத்துத் தருவதை அன்பென்று அடையாளம் காணாமல் போகலாம்.

குர்ஆனும் கதை சொல்கிறது

காதலையும் இச்சையையும் பற்றிய பேச்சே கூடாது என்பது மார்க்கத்தின் நிலைப்பாடு அன்று. தான் கூறுபவற்றுள் மிக அழகிய வரலாறு என்று குர்ஆன் குறிப்பிட்டுத் தொடங்குவது (12:3) யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை. எண்ணிப் பாருங்கள். தந்தையிடமிருந்து பிரிக்கப்பட்டு, அந்நிய நாட்டில், அந்நியர் வீட்டில் வளரும் ஓர் இளைஞர் அவர். கதவுகள் தாழிடப்படுகின்றன. அழைப்பு வருகிறது. தம் இறைவனின் சான்றைக் கண்டிராவிட்டால் அவரும் நாடியிருப்பார் என்று குர்ஆன் மனித இயல்பை மறைக்காமல் பேசுகிறது (12:24). அவர் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுகிறார். தவறைவிடச் சிறையே தமக்கு விருப்பமானது என்கிறார். பெற்றோர் பார்க்காத இடத்திலும் பார்ப்பவன் ஒருவன் உண்டு என்ற உணர்வுதான் அங்கே அவரைக் காத்தது. விடுதிப் பள்ளி நாவல்கள் பெற்றோரை அகற்றும்போது இறைவனையும் சேர்த்து அகற்றிவிடுகின்றன. யூசுஃபின் வரலாற்றில் தந்தை தொலைவில் இருந்தார். இறைவன் அருகிலேயே இருந்தான்.

மத்யன் நகருக்கு அகதியாக வந்த மூஸா (அலை) அவர்களின் வரலாறும் அத்தகையதே. இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டிவிட்டு நிழலில் ஒதுங்குகிறார். அவர்களுள் ஒருத்தி நாணத்தோடு நடந்து வந்து தந்தையின் அழைப்பைச் சொல்கிறாள். பின்னர் தந்தையிடம், வலிமையும் நம்பகமும் உள்ள இவரைப் பணிக்கு அமர்த்துங்கள் என்று பரிந்துரைக்கிறாள் (28:23–27). நாணம் அவளை ஊமையாக்கவில்லை. அவள் தன் கருத்தைச் சொன்னாள், தந்தை செவிமடுத்தார், மணப்பேச்சு நிகழ்ந்தது.

முகீஸ், பரீரா (ரலி) நிகழ்வைப் புகாரி பதிவு செய்துள்ளார். அடிமைத்தளையிலிருந்து விடுதலையான பரீரா, தமக்குக் கிடைத்த உரிமையைக் கொண்டு கணவர் முகீஸைப் பிரிந்தார். முகீஸ் கண்ணீர் தாடியில் வழிய மதீனாவின் தெருக்களில் அவர் பின்னே அலைந்தார். நபி (ஸல்) அவர்கள் இரங்கி, அவரிடம் திரும்பலாமே என்று பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவினார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள் நபியவர்கள். அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்று பரீரா மறுத்தார். அத்துடன் பேச்சு முடிந்தது. அழுதவரை யாரும் கேலி செய்யவில்லை. மறுத்தவரை யாரும் நிர்ப்பந்திக்கவில்லை. விடாமல் பின்தொடர்ந்தால் பெண் மனம் மாறும் என்று கற்பிக்கும் கதைகளும் திரைப்படங்களும் மலிந்த காலத்தில், நம் மகன்களுக்கும் மகள்களுக்கும் இதைவிடச் சிறந்த பாடம் வேறு உண்டா?

புத்தகம் பிடிபட்டால்

ஒரு நாவல் பிடிபட்டதற்காகப் பெண்ணின் படிப்பையே நிறுத்திவிடத் துணியும் வீடுகள் நம்மிடையே உண்டு. அதே வயதுப் பையன் கைப்பேசியில் என்ன பார்க்கிறான் என்று அந்த வீடு கேட்பதில்லை. பார்வையைத் தாழ்த்தும் கட்டளை குர்ஆனில் முதலில் ஆண்களை நோக்கியே அமைந்திருப்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

விபசாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த இளைஞரிடம் நபி (ஸல்) அவர்கள் நடந்துகொண்ட முறை அஹ்மதில் பதிவாகியுள்ளது. சூழ இருந்தோர் அதட்டினர். நபியவர்களோ அவரை அருகில் அழைத்து அமர்த்தி, உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் மகளுக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் மீது கைவைத்துப் பிரார்த்தித்தார்கள். அவ்வளவு பெரிய கேள்வியோடு வந்தவருக்கே அந்தக் கனிவு கிடைத்தது. ஒரு கதைப் புத்தகத்தோடு பிடிபட்ட பிள்ளைக்கு நாம் எதைக் கொடுக்கிறோம்?

உள்ளத்தில் தோன்றும் எண்ணங்களை, அவற்றைப் பேசாத வரை, செயல்படுத்தாத வரை அல்லாஹ் மன்னிக்கிறான் என்பது நபிமொழி. ஒருவர் மீது மனம் சாய்வதே பாவம் என்று சொல்லி வளர்க்கப்படும் பிள்ளை, அந்தச் சாய்வு நேரும் நாளில் நம்மிடம் வராது. தன்னைப் புரிந்துகொள்வதாகச் சொல்லும் எவரிடமேனும் போகும். நாம் அஞ்ச வேண்டியது அந்த நாளைத்தான்.

செய்யத்தக்கவை

முதலில், பிள்ளை படிக்கும் புத்தகத்தை நாமும் படிப்போம். படிக்காமல் சொல்லும் தீர்ப்பைப் பிள்ளை மதிக்காது. ஒரு நூல் வேண்டாம் என்றால் காரணத்தைச் சொல்லி மறுப்போம். மற்ற நூல்களைக் குறித்துக் கேள்வி கேட்போம்: இந்தக் கதையில் யார் புண்பட்டார்? இந்தப் பெண்ணின் உம்மா இங்கே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கடைசிப் பக்கத்துக்குப் பிறகு இவர்கள் வாழ்க்கை எப்படி இருக்கும்? ஆங்கிலத்தில் முஸ்லிம் பதின்பருவத்தினரைப் பற்றியே எழுதுவோர் இப்போது உள்ளனர். எஸ். கே. அலியின் 'லவ் ஃப்ரம் ஏ டு இஸட்' (2019) நாவலில் வரும் ஆதமும் ஸைனபும் தொழுகையை விடாமல், எல்லை மீறாமல் ஒருவரையொருவர் அறிந்துகொள்கின்றனர். அவர்கள் நாடுவது நிகாஹை. அதனையும் சேர்ந்து படித்து, உடன்படாத இடத்தில் உடன்படவில்லை என்று பேசலாம்.

தமிழில் இத்தகைய நூல்கள் எங்கே என்று கேட்க வேண்டிய நேரமும் இது. 1938 இலேயே நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 'காதலா? கடமையா?' என்ற நாவலை எழுதினார், உ. வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். முஸ்லிம் பெண் நாவல் எழுதுவதா என்று முகம் சுளித்த காலம் அது. அந்தத் தலைப்பு எழுப்பிய கேள்வியைத்தான் இன்றும் நம் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். எழுதத் தெரிந்த சகோதரிகள் அதற்கு இந்தத் தலைமுறையின் மொழியில் விடை எழுத முன்வர வேண்டும். எழுத்தாற்றலும் அல்லாஹ் தந்த அமானிதமே.

நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, யூசுஃப் (அலை) அவர்களுக்கு வழங்கிய மனவுறுதியை அவர்களுக்கும், முகீஸின் கண்ணீருக்கு இரங்கிய நபியவர்களின் கனிவில் ஒரு துளியை நமக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.