தாத்தா பேர் தெரியுமா?

இன்று வேலை முடிந்து வீடு திரும்பியதும் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "உன் தாத்தாவோட அப்பா பேர் என்ன? அவர் எந்தத் தோட்டத்துல வேலை செஞ்சார்?" பத்து வீட்டில் எத்தனை வீட்டில் பதில் வரும்? பிள்ளைகளை விடுங்கள், நமக்கே தெரியுமா?

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. அடையாள அட்டையில் நம் பெயர் இருக்கும். அதையடுத்துத் தகப்பனார் பெயர் இருக்கும். அதோடு சரி. ஆகவே, வாய்விட்டுச் சொல்லாவிட்டால் பாட்டனார் பெயர் இரண்டே தலைமுறையில் மறைந்து போகிறது. பெயரோடு அவர் பட்ட பாடும் போகிறது.

நம் முன்னோர் கதையை வேறு யார் எழுதி வைத்தார்கள்? கிராணியாரின் செக்ரோல் புத்தகம், யார் எத்தனை நாள் பெரட்டுக்கு வந்தார் என்றுதான் சொல்லும். ஊரில் எதை விட்டு வந்தார், வந்த இடத்தில் யாரைப் பறிகொடுத்தார் என்று சொல்லாது. தோட்டம் துண்டாடப்பட்டால் அந்தப் புத்தகமும் எங்கே போகுமோ!

சயாம் மரண ரயிலை எடுத்துக்கொள்வோம். ஜப்பானியர் 1942-43-இல் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் ஆயிரமாயிரமாகக் கொண்டு போகப்பட்டனர். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரவர் மாண்டனர். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாக ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. செத்துப்போன தோட்டத் தொழிலாளிக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் வரிசை இல்லை. அவன் பெயர் அவன் வீட்டாரின் வாயில்தான் இருந்தது. வீட்டாரும் வாய் மூடிவிட்டால் அவன் இரண்டாம் முறை சாகிறான்.

"பழங்கதை பேசினால் வயிறு நிறையுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் இது வயிற்றுப்பாட்டையும் தொடும் விஷயம். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற நிலை வந்தபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் எத்தனையோ பேர் வேலை இழந்தனர். பலர் மூட்டை கட்டிக் கப்பலேறினர். இங்கே பிறந்தும் அதை நிரூபிக்கக் காகிதம் இல்லாமல் தவித்தவர்களும் உண்டு. 1982 மார்ச் 1 முதல் கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, திருமணத்தைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை, தகப்பனை விட்டுத் தாயைச் சார்ந்து நிற்கும். தாயிடமும் பத்திரம் இல்லையென்றால், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளிலேயே தொல்லை ஆரம்பம்!

பாட்டி சொல்லும் கதை மட்டும் பதிவிலாகாவில் சான்றாகிவிடாது. ஆனால் சான்று எங்கே கிடைக்கும் என்று வழி காட்டும். எந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தாய், பிரசவம் பார்த்தது யார், எந்தத் தமிழ்ப்பள்ளியில் முதலில் பேர் கொடுத்தோம் — இவற்றைப் பாட்டிதான் சொல்ல முடியும். அவர் கண்மூடிய பிறகு யாரிடம் கேட்பது?

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "கஷ்டப்பட்டதைச் சொல்லிப் பிள்ளைங்களை ஏன் அழ வைக்கணும்?" என்று நீங்கள் மௌனமாக இருக்கிறீர்கள். சொல்லுங்கள், தயங்காதீர்கள். விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கோடு நிரைக்குப் போய்ப் பால் வெட்டியது கேவலமல்ல. அந்தக் கூலியில்தான் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பணம் கட்டினோம். 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிச் சங்கம் தோட்டங்களை வாங்கியது தொழிலாளியின் காசில்தானே! பெருமையை மட்டும் சொல்லாதீர்கள். கள்ளுக்கடையில் கரைந்த சம்பளத்தையும், அதனால் படிப்பு நின்ற பிள்ளையையும் சொல்லுங்கள். அதுவும் பாடம்தான். சாதிப் பெருமையை மட்டும் கதையில் கலக்க வேண்டாம். லயத்தில் எல்லாரும் ஒரே பைப்பில்தான் தண்ணீர் பிடித்தோம்.

செலவில்லாத காரியம் இது. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை மாலை டிவியைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு, பேரப்பிள்ளை எழுதட்டும், பெரியவர் சொல்லட்டும். ஊர்ப் பெயர், கிராமத்தோடு தாலுகா. வந்த கப்பல், இறங்கிய துறைமுகம். வேலை செய்த தோட்டங்கள். பிறந்தவர், இறந்தவர் பெயர்கள். தோட்டங்களுக்கு நம்மவர்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று, ஆபீசில் எழுதிய பெயர் வேறொன்று. இரண்டையும் எழுதுங்கள், பின்னால் தேடுகிறவனுக்கு உதவும். பழைய படம் இருந்தால் அதன் பின்புறம் யார் யார் என்று பென்சிலால் குறித்து வையுங்கள்.

ஜப்பான்காரன் காலத்தை நேரில் கண்டவர்களில் எஞ்சியிருப்பவர் மிகச் சிலரே. அவர்களிடம் கேட்டவர்களுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவருகின்றன; லயங்களும் ஒவ்வொன்றாக இடிகின்றன. மரத்தையும் மண்ணையும் நம்மால் காப்பாற்ற முடியாமல் போகலாம். பெயர்களைக் காப்பாற்ற முடியும். அடுத்த ஞாயிறு வரை ஏன் காத்திருக்க வேண்டும்? இன்றிரவே முதல் பெயரை எழுதுங்கள்.